அகலிகை திருப்பிக் கேட்ட கேள்வி

கேள்வி: சங்க காலம் தொட்டு நம் இலக்கியத்தில் பெண் அடங்கிப்போகிறவளாகவே இருந்தாள், இப்போதுதான் எதிர்த்துப் பேசுகிறாள். இது வளர்ச்சிதானே? (வாசகர் ஒருவர், திருச்சி)

பதில்: சங்க காலத்தையும் அந்தக் கணக்கில் சேர்த்தீர்களே, அங்கேயே உங்களோடு எனக்கு வழக்கு. தன் காதல் நோயறியாமல் உறங்கும் ஊரை முட்டுவேனா, தாக்குவேனா என்று கொதிக்கும் தலைவியைக் குறுந்தொகையின் 28ஆம் பாடலில் ஔவையார் நிறுத்தியிருக்கிறார். பாண்டியன் அவையில் கண்ணகி பேசியதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். தமிழின் முதல் நாவலான பிரதாப முதலியார் சரித்திரத்தில் (1879) ஞானாம்பாள் ஆண் வேடத்தில் நாட்டையே ஆள்கிறாள். வாய்திறந்த பெண்ணுக்கு நம்மிடம் என்றைக்கும் பஞ்சமில்லை. ஆனால் கண்ணகி கேட்டது கணவனுக்கான நீதி. ஞானாம்பாளுக்கு அரியணை ஏற ஆணுடை தேவைப்பட்டது. பெண்ணை அளக்கும் கோலை யார் கையில் வைத்திருக்கிறார்கள் என்பதில்தான் மாற்றத்தைத் தேட வேண்டும்.

கௌதம முனிவரின் மனைவி அகலிகையைப் பாருங்கள். வால்மீகியில், கணவன் வேடத்தில் வந்திருப்பவன் இந்திரன் என்று தெரிந்தே அவள் இசைகிறாள். கம்பனில் கணவனின் சாபத்தால் அவள் கல்லாகிறாள். சாபம் விழும் நேரத்தில் அவள் வாயிலிருந்து வருவது, பிழை பொறுப்பது பெரியவர் கடன், இதற்கொரு முடிவு அருளுக என்ற மன்றாடல். பிறகு, 'நெஞ்சினால் பிழைப்பு இலாள்' என்ற நற்சான்றும் அவளுக்குக் கிடைக்கிறது. சபித்தவர், மீட்டவர், சான்று சொன்னவர் எல்லோரும் ஆண்கள் என்பதைக் கவனியுங்கள். 1943இல் புதுமைப்பித்தன் 'சாபவிமோசன'த்தில் அதே அகலிகையை, இலங்கையிலிருந்து மீண்ட சீதைக்கு எதிரே உட்கார வைத்தார். தீக்குளித்த கதையைச் சீதை சொல்லக் கேட்டு, அவன் கேட்டானா என்று அகலிகை அலறுகிறாள். தன்னை மீட்ட அதே இராமனா என்பதுதான் அவள் அதிர்ச்சி. இறுதியில் அவள் மீண்டும் கல்லாகிவிடுகிறாள், இம்முறை எந்த முனிவரும் சபிக்காமலே. இத்தனை நூற்றாண்டுகளாக அவளை விசாரித்தவர்கள் அந்த ஓர் அலறலில் விசாரிக்கப்படுகிறார்கள். எழுதியவர் ஆண்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இவ்விஷயத்தில் பேனா பிடித்த கையை மட்டும் பார்த்துத் தீர்ப்பெழுத முடியாது.

நீங்கள் மெச்சும் 'எதிர்த்துப் பேசும்' நாயகியோ இன்று வார்ப்பில் ஊற்றிய பொம்மையாகிவிட்டாள். எங்கள் அலுவலகத்துக்கு வரும் சிறுகதைகளில், கடைசிப் பத்தியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசற்படி தாண்டாத நாயகியைக் காண்பது அரிது; அதற்கு முந்தைய பக்கங்களில் அவள் என்ன நினைத்தாள் என்பதற்குத்தான் ஒரு வரியும் இருக்காது. அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை'யை எடுத்து வாசியுங்கள். ராஜஸ்தான் கூட்டுக் குடும்பமொன்றில், நோயுற்றுக் கிடக்கும் மாமியாரிடம் மருமகள், இந்தச் சமையலறையும் நகைகளும் உங்களுக்கு எந்தப் பலத்தையும் தரவில்லை, அந்த அதிகாரமெல்லாம் மாமனாருடையது என்கிறாள். ஒரு பெண் இன்னொரு பெண்ணின் படுக்கையருகே உட்கார்ந்து பேசுகிறாள், காட்சி அவ்வளவுதான்.