கை நீட்டினால் தண்ணீர்: சென்சார் குழாய் சந்தேகங்கள்

கேள்வி: எங்கள் ஓட்டலில் கை கழுவும் இடத்தில் ஆறு சென்சார் குழாய்கள் போட்டோம். எட்டே மாதத்தில் இரண்டில் கையை எடுத்த பிறகும் தண்ணீர் நிற்பதில்லை. சென்சாரை மாற்ற வேண்டும் என்கிறார் பிளம்பர். போர் தண்ணீர்தான் உபயோகம். மாற்றத்தான் வேண்டுமா? (ஓட்டல் உரிமையாளர், கரூர்)

பதில்: பணத்தை எடுக்கும் முன் காதைக் கொடுங்கள். கையை நீட்டும்போது ஒரு 'டிக்', எடுத்ததும் இன்னொரு 'டிக்' கேட்கிறதா? இரண்டும் கேட்டால் சென்சார் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. கோளாறு வால்வுக்குள் இருக்கிறது, அதற்குக் காரணம் உங்கள் போர் தண்ணீராகவே இருக்கும்.

தண்ணீரைத் திறந்து மூடும் மின்காந்த வால்வுக்கு சோலனாய்டு வால்வு என்று பெயர். அதற்குள் ஒரு ரப்பர் சவ்வு இருக்கும். அதில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை. அந்தத் துளை வழியாகத் தண்ணீர் சவ்வின் மேல் அறைக்கு ஏறி, சவ்வை மேலிருந்து அழுத்திப் பாதையை மூடுகிறது. அதாவது குழாயை மூடுவது மின்சாரம் அல்ல, தண்ணீரின் அழுத்தமே. மின்காந்தம் செய்வதெல்லாம் மேல் அறையின் சின்ன வடிகாலைத் திறந்து மூடுவதுதான். துளையில் உப்பு கட்டினால் மேல் அறை நிரம்பாது, சவ்வு இறங்காது, தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். மணல் துகள் சவ்வுக்கு அடியில் உட்கார்ந்தால் சொட்டும். வடிகால் அடைத்தால் நேர்மாறாக, 'டிக்' கேட்கும், தண்ணீர் வராது.

சுத்தம் செய்ய ஒரு மணி நேரம் போதும். பேசினுக்கு அடியில் உள்ள ஆங்கிள் காக்கை மூடி, வால்வில் தேங்கிய தண்ணீரை வடியவிட்டு, பேட்டரியைக் கழற்றுங்கள். வால்வைத் திறக்கும் முன் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் சின்ன ஸ்பிரிங் துள்ளி ஓடுவதில் கெட்டிக்காரத்தனம் உள்ளது. சவ்வை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்ததில் அரை மணி நேரம் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மெல்லத் தேய்க்கவும். துளையில் ஊசியை விட வேண்டாம். துளை பெரிதாகிவிட்டால், வடிகால் திறந்தாலும் மேல் அறை காலியாகாமல் நிரம்பிக்கொண்டே இருக்கும், அப்புறம் குழாய் திறக்கவே மறுக்கும். வாயால் ஊதினால் போதும். ரப்பர் விறைத்தோ கிழிந்தோ இருந்தால் சவ்வை மட்டும் மாற்றலாம்.

வால்வுக்குள் தண்ணீர் நுழையும் இடத்தில் சல்லடை போல ஒரு சின்ன ஜாலி இருக்கும். அதை மாதம் ஒரு முறையும், தொட்டி கழுவிய மறுநாளும் கழுவுங்கள். புதிதாகக் குழாய் மாட்டுபவர்கள் முதலில் ஆங்கிள் காக்கை முழுதாகத் திறந்து ஒரு வாளி தண்ணீரைப் பிடித்துவிட வேண்டும். பைப் அறுத்த தூளும் டெஃப்லான் டேப் துணுக்கும் அதில் வெளியேறிவிடும். பலர் இதைச் செய்வதே இல்லை.

கேள்வி: மாடியில்லாத வீடு. தொட்டி கூரை மேலேயே இருக்கிறது. புதுக் குழாயில் தண்ணீர் மெலிதாக வருகிறது, நிற்கவும் நேரமாகிறது. (இல்லத்தரசி, விருத்தாசலம்)

பதில்: குழாயில் குறையில்லை, உயரம் போதவில்லை. இத்தகைய வால்வுகள் பலவற்றுக்குக் குறைந்தது 0.5 பார் அழுத்தம் வேண்டும். அதாவது தொட்டியின் தண்ணீர் மட்டம் குழாய்க்கு 5 மீட்டர் மேலே இருக்க வேண்டும். உங்கள் தொட்டியின் தண்ணீர் மட்டம் தரையிலிருந்து 4.5 மீட்டர், குழாய் 0.9 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் வித்தியாசம் 3.6 மீட்டர், அழுத்தம் 0.36 பார்தான். சவ்வை அழுத்தத் தண்ணீருக்கு வலுவில்லை. அடுக்குமாடியில் மேல்தளக்காரர்களுக்கும் இதே சங்கடம்தான். பிரஷர் பம்பு வைக்கலாம். ஆனால் குழாய் சொட்டினால் பம்பு இரவெல்லாம் ஓடி ஓடி நிற்கும். ஒரே ஒரு பேசினுக்காக இவ்வளவு செலவு தேவையா என்று யோசியுங்கள். அழுத்தம் தேவைப்படாத வால்வுள்ள மாடலைக் கேட்டு வாங்குவது மேல்.

கேள்வி: பிற்பகல் மூன்று மணியானால் யாரும் இல்லாமலே குழாய் திறந்துகொள்கிறது. (திருமண மண்டப மேலாளர், தஞ்சாவூர்)

பதில்: மேற்கு ஜன்னலைப் பாருங்கள். சென்சார் அகச்சிவப்பு ஒளியைத் துடிப்பு துடிப்பாக அனுப்பி, கையில் பட்டுத் திரும்புவதை எண்ணுகிறது. வெயிலிலும் அதே ஒளி ஏராளம். நேரே சென்சாரின் கண்ணில் விழுந்தால் சில குழாய்கள் தானே திறக்கும், சில குருடாகிவிடும். ஒரு திரை போட்டால் தீரும். எந்நேரமும் இப்படி நடந்தால் பளபளக்கும் ஸ்டீல் பேசினைச் சந்தேகியுங்கள். சென்சாரின் பார்வை, பேசினுக்கு 5 செ.மீ. முன்னதாகவே முடியும்படி தூரத்தைக் குறைத்து வையுங்கள்.

சென்சாருக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி: போனின் செல்ஃபி கேமராவில் அதைப் பாருங்கள். பல போன்களில் மங்கலான ஊதா ஒளி மினுக்குவது தெரியும்.

கேள்வி: பேட்டரியா, கரண்டா? (வீடு கட்டுபவர், திருநெல்வேலி)

பதில்: இரண்டும் உள்ளதை வாங்குங்கள். பேட்டரி மாடல்களில் திறக்க ஒரு துடிப்பு, மூட ஒரு துடிப்பு, அவ்வளவே மின்சாரம். அதனால் நான்கு ஏஏ ஆல்கலைன் பேட்டரிகள் வீட்டில் நெடுநாள் தாங்கும். ரீசார்ஜ் பேட்டரி போட்டால் 6 வோல்ட்டுக்குப் பதில் 4.8தான் கிடைக்கும், பேட்டரி தீர்ந்துவிட்டது என்று விளக்கு சீக்கிரமே மினுக்கும். அடாப்டரை பேசினின் வடிகால் பைப்புக்கு மேலே, தண்ணீர் தெறிக்காத இடத்தில் மாட்டுங்கள். மாட்டிய அன்றே, தண்ணீர் ஓடும்போது அடாப்டரைப் பிடுங்கிப் பாருங்கள். கையை எடுத்ததும் தண்ணீர் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் கிளினிக்கில் எல்லாம் சென்சார் குழாயாக மாற்றினால் கிருமி குறையுமா? (செவிலியர், மதுரை)

பதில்: கையால் தொடுவது குறையும், அது நல்லது. தண்ணீருக்குள் இருக்கும் கிருமி வேறு கதை. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட முடிவின்படி, நிமோனியா உண்டாக்கும் லெஜியோனெல்லா கிருமி சென்சார் குழாய் மாதிரிகளில் 50 சதவீதத்திலும், சாதாரணக் குழாய் மாதிரிகளில் 15 சதவீதத்திலும் வளர்ந்தது. வால்வின் உள் இடுக்குகள் கிருமி தங்க வசதியாகிவிட்டன என்பது அவர்கள் கணிப்பு. நோயாளிகள் பகுதியிலிருந்த சென்சார் குழாய்களை அகற்றவே முடிவெடுத்தார்கள். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் வரும் இடத்தில் முழங்கையால் தள்ளும் நீண்ட கைப்பிடிக் குழாயே என் தேர்வு. சென்சார்தான் வேண்டுமென்றால், விடுமுறை முடிந்து திறக்கும் காலையில் ஒவ்வொரு குழாயிலும் இரண்டு மூன்று நிமிடம் தண்ணீரை ஓடவிடுங்கள்.

கேள்வி: வாளி பாதி நிரம்பும்போதே நின்றுவிடுகிறதே? (வாசகர், சேலம்)

பதில்: யாராவது துணியைப் போட்டு மறைத்தாலும் வெள்ளமாகக் கூடாதென்று, பல மாடல்களில் 30 அல்லது 60 வினாடியில் தானே மூடும்படி வைத்திருக்கிறார்கள். வாளியை விலக்கி மறுபடி காட்டுங்கள். அலுத்துப்போனால் பக்கத்தில் ஒரு சாதாரணக் குழாய் போடுங்கள்.