டொப்ளர் எடுத்த பிறகும் எம்.ஆர்.ஐ. எதற்கு?

அக்கா, மகளின் முன்னங்கையில் பிறந்ததிலிருந்தே இருக்கும் நீல வீக்கத்துக்கு, இரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டொப்ளர் ஸ்கானில் ‘மெதுவான ஓட்டம், சிரைக் குறைபாடு’ (பிறக்கும்போதே சிரைகள் பிழையாக அமைந்திருப்பது) என்று வந்தும் எம்.ஆர்.ஐ. கேட்கிறார்களே, கட்டியோ என்று பயந்து எழுதியிருந்தீர்கள்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கட்டி போலத் தெரியவில்லை. குழந்தைகளுக்கு வரும் ஹெமாஞ்சியோமா என்ற இரத்தக்குழாய்க் கட்டி பெரும்பாலும் பிறந்து சில வாரங்களில்தான் தலைகாட்டும். முதல் மாதங்களில் மளமளவென்று வளர்ந்து, பிறகு மெல்லச் சுருங்கும். சிரைக் குறைபாடோ பிள்ளையோடு சேர்ந்தே வளரும். கையைத் தொங்கவிட்டால் புடைக்கும், தூக்கிப் பிடித்தால் வற்றும். வீட்டிலேயே பாருங்களேன்.

டொப்ளர் ஓட்டத்தின் வேகத்தைச் சொல்லும். தசைக்குள், மூட்டுக்குள் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதை எம்.ஆர்.ஐ. தான் வடிவாகக் காட்டும். ஊசி மருந்தால் அடைப்பதா, சும்மா விடுவதா என்று முடிவெடுக்க அது வேண்டும். சீ.ரீ.யில் கதிர்வீச்சு உண்டு, இதற்கு அவ்வளவு தெளிவும் வராது.

பக்கத்து வீட்டார் சொன்னார்கள் என்பதற்காக, படம் எடுக்கமுன் சதை வெட்டிப் பார்க்கச் சம்மதிக்காதீர்கள். இரத்தம் நிற்காமல் போகலாம். யாழ் போதனா வைத்தியசாலைக் கிளினிக்குக்குப் பிள்ளையின் கைக்குழந்தைக்காலப் படங்களையும் கொண்டுபோங்கள். இடையில் வீக்கம் சூடாகித் துடித்தால் தவணைக்குக் காத்திருக்க வேண்டாம்.