மருந்து கம்பெனி இலவசமாகக் களிம்பு கொடுத்ததை ஜர்னலில் சொல்ல வேண்டுமா? சொன்னால் கட்டுரையை நிராகரிப்பார்களா?

சொல்லத்தான் வேண்டும். நீங்கள் பி.ஜி. படிக்கிறவர், தீசிஸைப் பேப்பராக்குகிறீர்கள், கைடு "அதெல்லாம் எதுக்கு" என்கிறார் என்று நினைக்கிறேன். எனக்கும் இதே பேச்சு வந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

மண்டபம், ஏர்வாடிப் பக்கம் கடல்பாசி எடுக்கும் பெண்கள் விரலுக்கு விரல் பழந்துணியைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு முங்குவார்கள். துணியை அவிழ்த்தால் பாறை கிழித்த வெட்டுகள், உப்புத் தண்ணீரில் ஊறி விளிம்பு வெளுத்து, ஆறாமல் கிடக்கும். அந்தப் புண்ணுக்கு ஒரு களிம்பு கேட்குமா என்று பார்த்தோம். டியூப்கள் எல்லாமே மருந்து கம்பெனி இலவசமாகக் கொடுத்தது. பணமாக ஒரு பைசா வாங்கவில்லை. அதை நான் ஜர்னல் ஃபார்மில் எழுதியதும் சீனியர், "காசா வாங்கினோம்? எழுதினா ரிஜெக்ட் பண்ணிடுவான்மா" என்றார். "என் பேரும் இருக்கு சார், அப்படியே போகட்டும்" என்றேன். போனது. எடிட்டர் கேட்டது ஒன்றுதான்: ஆய்வைத் திட்டமிட்டதிலோ, கணக்குப் பார்த்ததிலோ, எழுதியதிலோ கம்பெனிக்குப் பங்கு உண்டா? இல்லை என்று ஒரு வரி சேர்த்தோம். பேப்பர் ஜர்னலில் வந்தது.

பல ஜர்னல்கள் கேட்கும் ஐசிஎம்ஜேஇ (மருத்துவ ஜர்னல் எடிட்டர்களின் சர்வதேசக் குழு) ஃபார்மிலேயே மருந்து, கருவி, எழுத்து உதவி, அன்பளிப்புக்கு இடம் இருக்கிறது. இந்தக் கட்டுரைக்காக வாங்கியது என்றால் எப்போது வாங்கியிருந்தாலும் எழுத வேண்டும். மற்றவை கடந்த 36 மாதக் கணக்கு. ஒவ்வொரு ஆத்தரும் தனித்தனியாக நிரப்ப வேண்டும்.

மறைத்தால் என்ன ஆகும்? 1998-ல் லான்செட் என்ற மருத்துவ ஜர்னலில் எம்எம்ஆர் தடுப்பூசியை (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லாவுக்குப் போடுவது) ஆட்டிசத்தோடு முடிச்சுப் போட்ட பிரிட்டிஷ் டாக்டர் வேக்ஃபீல்ட், தடுப்பூசி கம்பெனிகள் மேல் வழக்குக்குத் தயாரான வக்கீல் தரப்பில் பணம் வாங்கியதை மறைத்தார். 2010-ல் பேப்பரையே திரும்பப் பெற்றார்கள். பணம் மட்டும் காரணமல்ல, ஆய்விலேயே பொய் இருந்தது. அதற்குள் எத்தனை தாய்மார்கள் பிள்ளைக்கு ஊசி போடப் பயந்தார்கள்!

"கம்பெனியிடம் கை நீட்டியதே தப்பு" என்று வருபவர்களுக்கு: எங்களுக்கு ஆராய்ச்சிக்கென்று தனிப் பணம் வரவில்லை. வெளியே சொல்லிவிட்டால் பாரபட்சம் போய்விடும் என்றும் நான் சொல்லவில்லை. அதனால்தான் புண் ஆறியதா என்று பார்த்த டாக்டருக்கு யாருக்கு எந்த டியூப் என்று தெரியாமல் வைத்தோம்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். இந்தப் பெண்கள் கைப்புண்ணைக் காட்ட அன்றைய கூலியை விட்டுவிட்டு ராமநாதபுரத்துக்கு பஸ் ஏறுகிறார்கள். 2022-ல் மருத்துவக் கல்லூரி வந்தது, சந்தோஷம். வாரம் ஒரு நாளாவது ஒரு தோல் டாக்டர் கடற்கரைக்கு வரக் கூடாதா? கேட்டுக் கேட்டு வாய் வலிக்கிறது.

சரி, உங்கள் விஷயம். களிம்பு வந்த சலானை எடுத்து வையுங்கள். எத்திக்ஸ் கமிட்டிக்குக் கொடுத்த தாளிலும் இதே விவரம் இருக்கிறதா பாருங்கள். கைடிடம் இப்போதே பேசுங்கள். சப்மிட் பண்ணும் அன்று பேசினால் சண்டையில்தான் முடியும்.