பதின்மூன்று சனிக்கிழமைகள்

கேள்வி: எனக்கு 26 வயது. திருப்பூரில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் நான்கு வருடமாக மெர்ச்சண்டைசராக (ஆர்டரைத் தைக்கக் கொடுத்து முடித்து வாங்குகிற வேலை) இருக்கிறேன். சொந்தமாகப் பத்து தையல் மெஷின் போட்டு ஜாப் ஒர்க் (கம்பெனிகள் தரும் துணியைக் கூலிக்குத் தைத்துக் கொடுப்பது) எடுக்க ஆசை. பெருந்துறைப் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் தோட்டம் இருக்கிறது. அதை அடமானம் வைத்தால் 20 லட்சம் கிடைக்கும். மெஷின், ஷெட் அட்வான்ஸ், ஒயரிங், ஜெனரேட்டருக்கு அது சரியாக இருக்கும். அப்பாவோ பேச்சையே எடுக்க விடுவதில்லை. ரிஸ்க் எடுக்காமல் இருந்திருந்தால் கோவை விஞ்ஞானி ஜி.டி.நாயுடு என்று ஒருவரை நமக்குத் தெரிந்திருக்குமா? அப்பாவை எப்படிச் சம்மதிக்க வைப்பது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஊத்துக்குளி

பதில்: தம்பி, நாயுடுவை நீங்களே இழுத்துவிட்டீர்கள். அவரிடமிருந்தே ஆரம்பிப்போம்.

கலங்கல் கிராமத்துப் பையன், ஒரு வெள்ளைக்காரர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்துவிட்டு, கோவை ஹோட்டலில் சர்வராக வேலை செய்து காசு சேர்த்து அதை வாங்கிய கதை நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். வாங்கியதும் அதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டு, திரும்பப் பூட்டினார் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

அப்புறம் திருப்பூரில் பஞ்சுத் தொழிலில் நல்ல காசு பார்த்தார். அந்தக் காசோடு பம்பாய்ப் பருத்தி மார்க்கெட்டுக்குப் போய்த் தொலைத்துவிட்டு வந்தார். மேடைப் பேச்சாளர்கள் இந்த இடத்தில் 'விழுந்தார், எழுந்தார்' என்று கைதட்டு வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். நான் கொஞ்சம் நின்று பார்ப்பேன். பம்பாயில் பருத்தி விலை ஏறுவதும் இறங்குவதும் அவர் கையில் இருந்ததா? 1920-இல் மறுபடி தொடங்கும்போது அவரிடம் இருந்தது ஒரே ஒரு பஸ். அதுவும் வெள்ளைக்காரத் தொழிலதிபர் ஸ்டேன்ஸ் துரை கொடுத்த பண உதவியில். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஓட்டினார். வண்டி வழியில் நின்றால் இறங்கிச் சரி செய்யத் தெரிந்தவர். பழனிக்குப் போகிற கூட்டமும் எந்தக் காலத்திலும் வற்றாது. பீளமேட்டில் அவருடைய மின்சார மோட்டார் வெளிவந்தது 1937-இல், அந்தப் பஸ்ஸுக்குப் பதினேழு வருடம் கழித்து.

இப்போது உங்கள் கணக்குக்கு வருவோம். 20 லட்சத்தையும் இரும்பிலும் சுவரிலும் போட்டுவிட்டீர்கள். முதல் வாரம் துணி வருகிறது, தைக்கிறீர்கள். சனிக்கிழமை சாயங்காலம் டெய்லர், செக்கிங் ஆள், கைமடி (டெய்லருக்கு உதவும் ஆள்) எல்லோருக்கும் கூலி கொடுக்க வேண்டும். உத்தேசமாக வாரம் 50,000 என்று வையுங்கள். பில் பணம் 90 நாள் கழித்து வந்தால், நடுவே பதின்மூன்று சனிக்கிழமை. ஆறரை லட்சம். வாடகையும் கரண்ட் பில்லும் பேங்க் தவணையும் தனி. இந்த ஆறரை லட்சம் உங்கள் கடிதத்தில் எங்குமே இல்லை.

நான் தொடங்கியபோது என் கணக்கிலும் இருந்ததில்லை. எட்டு பவர் டேபிள் (மோட்டாரில் ஓடும் தையல் மெஷின்) போட்டு ஆரம்பித்த இரண்டாவது மாதம், ஒரு கம்பெனி 'ஷேடு வேரியேஷன்', அதாவது துணியின் நிறம் ஒரே மாதிரி இல்லை என்று சொல்லிப் பில்லை நிறுத்தி வைத்தது. துணியும் அவர்களுடையது, சாயமும் அவர்கள் போட்டது. தைத்த எனக்கென்ன சம்பந்தம் என்று கேட்கக்கூடத் தெரியவில்லை. ஆறு மணிக்கு டெய்லர்கள் கட்டிங் டேபிள் மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். டிபன் பாக்ஸ் மடியில். யாரும் சத்தம் போடவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. வீட்டில் வளையல் வாங்கிக்கொண்டு போய் அடகுக் கடை சாத்துவதற்குள் வைத்தேன்.

சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006-ஆம் வருடச் சட்டம் இருக்கிறது. சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவைக் கட்டாயம் செய்துகொள்ளுங்கள். ஆனால் அடுத்த ஆர்டருக்குக் கை நீட்டி நிற்கிறவன் சட்டம் பேசுவது எப்படி என்பது உங்களுக்கே தெரியும், நான்கு வருடம் அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

அதனால் தோட்டத்தைத் தொடாதீர்கள். நம் தொழிலில் உங்கள் தப்பே இல்லாமல் அடி விழும். 2011 ஜனவரியில் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிக் கோர்ட் உத்தரவு வந்தது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டது. இரண்டு தடவையும் மெஷினில் உட்கார்ந்திருந்தவர்கள் பாவம் எதுவும் செய்யவில்லை. மெஷின் போனால் திரும்ப வாங்கலாம். வானம் பார்த்துக் காப்பாற்றிய பூமி போனால் உங்கள் அப்பா எந்த முகத்தோடு ஊருக்குள் நடப்பார்?

பத்து மெஷின் வேண்டாம், நான்கு போதும். அதுவும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிற ஷெட்டில் ஒரு மூலையை வாடகைக்குப் பிடியுங்கள். வேலையை விடும் முன் ஓவர்லாக், பேட்லாக் தையல் மெஷின்களில் நீங்களே உட்கார்ந்து தைத்துப் பழகுங்கள். ஆள் வராத திங்கட்கிழமைகள் நிறைய வரும். பெரிதாகச் செய்யும் காலம் வந்தால், மாவட்டத் தொழில் மையத்தில் தமிழக அரசின் 'நீட்ஸ்' திட்டத்தைக் கேளுங்கள். பட்டம், டிப்ளமோ, ஐடிஐ படித்த முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கு 25 சதவீதம் மானியம் உண்டு.

அப்பாவைச் சம்மதிக்க வைக்க நாயுடு கதையெல்லாம் வேண்டாம். ஒரு நோட்டில் பதின்மூன்று சனிக்கிழமையையும் தேதி போட்டு எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே பணம் எங்கிருந்து வரும் என்று குறித்துக்கொண்டு போய் உட்காருங்கள். தோட்டத்துக் கணக்கு எழுதிப் பழகியவர், எந்த வரி பொய் என்று கையை வைத்துக் காட்டிவிடுவார்.