எஸ்எஸ்டி போட்ட கடைக்காரர் பழைய ஹார்டு டிஸ்க்கைத் தர மறுக்கலாமா?

கேள்வி: நான் திண்டுக்கல்லில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். 2014-ல் வாங்கிய லேப்டாப் ரொம்பவும் மெதுவாகிவிட்டதால், மூன்று மாதங்களுக்கு முன் மதுரையில் ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்து ஹார்டு டிஸ்க்கை மாற்றி, அதைவிட வேகமான எஸ்எஸ்டி என்ற சேமிப்புச் சாதனத்தைப் போட்டேன். 4,200 ரூபாயை ஜிபேயில் கட்டினேன். பில் தரவில்லை. பழைய டிஸ்க்கைக் கேட்டால், "அது பழுது சார், ஸ்கிராப்பில் போட்டாச்சு" என்கிறார்கள். மறைந்த என் மனைவியின் படங்கள் அதில்தான் இருக்கின்றன. ஆதார், பான், பாஸ்புக் ஸ்கேன்களும் உண்டு. "டேட்டாவுக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்று கடையில் போர்டு வைத்திருக்கிறார்கள். நான் வழக்குப் போட முடியுமா? வாட்ஸ்அப் உரையாடலை இணைத்துள்ளேன்.

பதில்: முடியும் ஐயா. உங்கள் கையில் நல்ல ஆதாரமே இருக்கிறது. நீங்கள் அனுப்பிய உரையாடலில் கடைக்காரர் கேட்டிருப்பதைப் பாருங்கள்: "சார், டிவிடி டிரைவை எடுத்துட்டு அந்த இடத்துல கேடி வச்சு பழைய ஹார்டு டிஸ்க்கையும் மாட்டித் தரவா? 600 எக்ஸ்ட்ரா." (கேடி என்பது டிவிடி டிரைவ் இருந்த இடத்தில் ஹார்டு டிஸ்க்கைப் பொருத்த உதவும் சட்டகம்.) அதற்கு நீங்கள், "வேண்டாம், தனியாகவே கொடுத்துவிடுங்கள்" என்று பதில் போட்டிருக்கிறீர்கள். அவர் "ஓகே சார்" என்று முடித்திருக்கிறார். வழக்கின் உயிர் இந்த மூன்று வரிகளில்தான் இருக்கிறது. பழுதான டிஸ்க்கை யாரும் கேடியில் மாட்டித் தருகிறேன் என்று சொல்ல மாட்டார்கள். அது உங்கள் பொருள், திருப்பித் தர வேண்டும் என்பதை அவரும் ஒப்புக்கொண்டிருக்கிறார். அந்த உரையாடலை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். ஸ்கிரீன்ஷாட்டைச் சாட்சியமாகக் கொடுக்கும்போது, பாரதிய சாட்சிய சட்டம் பிரிவு 63-ன்படி சான்றிதழ் ஒன்றும் இணைத்துவிடுங்கள்.

வேலைக்காக ஒருவரிடம் ஒப்படைக்கும் பொருளை இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872 ஒப்படைப்பு என்ற வகையில் வைக்கிறது. வேலை முடிந்ததும் பொருளைத் திருப்பித் தருவது கடைக்காரரின் கடமை (பிரிவு 160). தராவிட்டால் அதன் பிறகு ஏற்படும் இழப்புக்கு அவர்தான் பொறுப்பு (பிரிவு 161). டிஸ்க் எப்படிப் போனது என்று விளக்க வேண்டியவரும் அவரே. கூலி பாக்கி இருந்தால் பொருளைப் பிடித்து வைக்கலாம்; நீங்கள்தான் முழுப் பணமும் கட்டிவிட்டீர்களே.

அந்த போர்டு பற்றிக் கவலைப்பட வேண்டாம். வேலை செய்யும்போது ஃபைல்கள் அழிந்துபோனால் பொறுப்பில்லை என்று வேண்டுமானால் அதைக் காட்டி வாதாடலாம். டிஸ்க்கையே தராமல் இருக்க அந்த வாசகம் அனுமதி தரவில்லை. வாரண்டியில் இலவசமாக மாற்றும்போது பழுதான பாகத்தை நிறுவனமே எடுத்துக்கொள்வதும், எக்ஸ்சேஞ்சில் பழையதற்கு விலை கழிப்பதும் வேறு கதை. உங்கள் விஷயத்தில் இரண்டுமே இல்லை.

முதலில் கடைக்கு ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். 15 நாளில் டிஸ்க்கைத் தர வேண்டும், இல்லையென்றால் யாரிடம், எந்தத் தேதியில் கொடுத்தார்கள் என்று எழுத்தில் சொல்ல வேண்டும் என்று கேளுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள், டிஸ்க் இன்னும் கடை அலமாரியிலேயே கிடக்கலாம். ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

பதில் வராவிட்டால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன் கீழ் மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். மதுரைக்கு அலைய வேண்டாம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்க பிரிவு 34 வழி செய்திருக்கிறது. சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்தால் போதும். பொருளைத் தராதது சேவைக் குறைபாடு, பில் தராதது நியாயமற்ற வணிக நடைமுறை, இரண்டையும் எழுதுங்கள். ஜிபே பதிவே பணம் கட்டியதற்குச் சான்று. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதியலாம், ஆனால் அது சமரச முயற்சிதான்.

இழப்பீடாகப் பல லட்சம் கேட்க வேண்டாம் என்பது என் கருத்து. உங்கள் மனைவியின் படங்களுக்கு விலை போட முடியாது, அந்த வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் 4,200 ரூபாய் வேலைக்குப் பெரும் தொகை கேட்டால், நியாயமான கோரிக்கையும் பேராசை போலத் தெரிந்துவிடும். டிஸ்க்கைத் திருப்பித் தரும்படி உத்தரவு, மன உளைச்சலுக்கு மிதமான தொகை, வழக்குச் செலவு, இவ்வளவு கேளுங்கள்.

போலீசுக்கு இப்போதே போனால் "சிவில் விவகாரம்" என்று திருப்பி அனுப்பவே வாய்ப்பு அதிகம். டிஸ்க்கை விற்றது தெரியவந்தாலோ, உங்கள் ஆவணங்கள் எங்காவது பயன்பட்டாலோ நிலைமை மாறும். நம்பிக்கை மோசடிக்கு பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 316 இருக்கிறது. சேவைக்காகக் கைக்கு வந்த தனிப்பட்ட தகவலைத் தீய நோக்கத்தோடு வெளியிட்டால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் பிரிவு 72ஏ-யின்படி மூன்றாண்டு வரை சிறை. பணம் பறிபோனால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணை அழையுங்கள்.

இன்றே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பழைய லேப்டாப்பின் பிரவுசரில் சேமித்திருந்த பாஸ்வேர்டுகள் அனைத்தும் அந்த டிஸ்க்கில்தான் இருக்கும். ஃபார்மேட் செய்திருந்தாலும் பல நேரங்களில் மீட்டெடுத்துவிட முடியும். மெயிலில் தொடங்கி வங்கிக் கணக்கு வரை எல்லாவற்றையும் மாற்றுங்கள். ஆதாரின் கைரேகைப் பதிவை ஆன்லைனில் லாக் செய்துவிடுங்கள்.

நோட்டீஸ் போனதும் கடைக்காரர் டிஸ்க்கோடு வந்து நின்றால், "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதிய தாளையும் நீட்டக்கூடும். டிஸ்க்கை வெளியிலிருந்து கம்ப்யூட்டரில் இணைக்க உதவும் யூஎஸ்பி கேஸில் மாட்டி, அது உங்கள் டிஸ்க்தானா, படங்கள் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.