கத்தரியைக் கீழே வையுங்கள்

எங்கள் வீட்டு முன்வாசலில் 18 வருடம் நின்ற கான்சான் செர்ரி மரத்தை வெட்ட வேண்டி வந்ததைப் பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். ஆறுதல் சொல்லிக் கடிதம் வரும் என்று பார்த்தால், வந்ததெல்லாம் கேள்விகள். அதுவும் நல்லதுதான். இந்த முறை பகுதி முழுக்கப் பூச்செர்ரிக்கே. பழத்துக்காக வளர்க்கும் செர்ரி வேறு கதை, அதை இங்கே தேட வேண்டாம்.

அம்மா, ஐந்து வருடத்துக்கு முன் வைத்த செர்ரி இப்போது மரம் கொள்ளாமல் பூக்கிறது. சின்னச் சின்ன ரோஜா போல அடுக்கடுக்கான பூக்கள். ஆனால் ஒரு காய்கூடப் பிடிக்கவில்லையே, ஏன்?

நீங்கள் எழுதிய "அடுக்கடுக்கான" என்ற சொல்லிலேயே விடை இருக்கிறது. செர்ரிப் பூவுக்கு இயல்பாக ஐந்து இதழ்தான். கான்சான் போன்ற அடுக்கு வகைகளில் இருபதுக்கு மேல் இருக்கும். அந்தக் கூடுதல் இதழ்கள் சும்மா வந்துவிடவில்லை. மகரந்தம் தர வேண்டிய கேசரங்கள்தான் இதழாக மாறி நிற்கின்றன. ஒரு பூவைப் பிய்த்து நடுவில் பாருங்கள். சூலகம் இருக்க வேண்டிய இடத்தில் பச்சையாகக் குட்டி இலை போல ஏதோ நீட்டிக்கொண்டிருக்கும். காய்ப்பதற்கு அங்கே ஒன்றுமே இல்லை.

தேனீக்கும் அந்தப் பூவால் பெரிதாக லாபம் கிடையாது. தோட்டத்துக்குத் தேனீ வர வேண்டும் என்று நினைப்பவர்கள் ஒற்றை அடுக்குப் பூவை வையுங்கள். அதிலும் ஒரு விஷயம்: செர்ரியில் பெரும்பாலானவை தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. ஜப்பானில் ஊரெங்கும் வரிசை வரிசையாகப் பூக்கும் சோமேய் யோஷினோவை எடுத்துக்கொள்ளுங்கள். அத்தனையும் ஒட்டுக்கட்டிப் பெருக்கிய ஒரே மரம் என்றே சொல்லலாம். அதனால்தான் எல்லாம் சேர்ந்தாற்போல் பூக்கின்றன. அதனாலேயே ஆயிரம் மரம் பக்கத்தில் பக்கத்தில் நின்றாலும் ஒன்றுக்கொன்று உதவாது.

கிளைகள் ஒன்றோடொன்று உரசுகின்றன. இலையெல்லாம் உதிர்ந்து மரம் மொட்டையாக நிற்கும்போது கவாத்து செய்வதுதான் வசதி என்கிறார் என் மாமனார். செய்யலாமா அம்மா?

மாமனாரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள், வேண்டாம் என்று.

என் வீட்டுக்காரரும் இதே காரணத்தைச் சொல்லித்தான் ஏணி போட்டு ஏறினார். குளிர்காலம், முந்தின நாள் மழை, கையில் புது ரம்பம். மணிக்கட்டுப் பருமனில் மூன்று கிளைகளை எடுத்தார். நானும் கீழே நின்று "அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன், பழியை முழுக்க அவர்மேல் போடக் கூடாது. அடுத்த கோடையில் ஒரு பெரிய கிளையின் இலைகள் மட்டும் ஈயம் பூசியது போல மினுங்கின. அழகாக இருக்கிறதே என்று பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன்! அது வெள்ளி இலை நோய். காண்ட்ரோஸ்டீரியம் பர்ப்யூரியம் என்ற பூஞ்சை மரத்துக்குள் இருந்து விஷத்தை மேலே அனுப்புகிறது. இலையின் மேல்தோல் சதையிலிருந்து பிரிந்து இடையில் காற்று புகுந்துவிடுகிறது. அந்தக் காற்றில் பட்டுத் திரும்பும் வெளிச்சம்தான் வெள்ளியாகத் தெரிகிறது. கிளையைக் குறுக்கே வெட்டினால் உள்ளே பழுப்புக் கறை.

இந்தப் பூஞ்சையின் வித்துகள் பெரும்பாலும் இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் ஈரக் காற்றில்தான் பறக்கின்றன. அப்போது புது வெட்டு என்பது திறந்து வைத்த கதவு. மரமோ உறக்கத்தில் இருக்கிறது, காயத்தை மூடாது. ஆகவே செர்ரியை வெட்டியே ஆக வேண்டுமென்றால் நடுக்கோடையில், தொடர்ந்து சில நாள் மழை இல்லாத சமயம் பார்த்து வெட்டுங்கள். பட்டது, ஒடிந்தது, உரசுவது, இவ்வளவுதான் கணக்கு. "வடிவமாக்குகிறேன்" என்று இறங்காதீர்கள். வெட்டிய இடத்தில் சாயம் பூசுவதாலும் பயனில்லை. காயம் தானாக ஆறட்டும்.

செர்ரியை வெட்டுபவனும் முட்டாள், ஊமே என்ற ஜப்பானியப் பிளம் மரத்தை வெட்டாதவனும் முட்டாள் என்று ஜப்பானில் ஒரு பழமொழி. ஏணிக்கு முன்னால் எனக்கு அது தெரிந்திருக்கலாம்.

தொங்கு செர்ரி வைத்திருக்கிறேன். இந்த வருடம் தண்டின் நடுவிலிருந்து ஒரு கிளை ஜம்மென்று நேராக மேலே போகிறது. மரம் இனிதான் உயரமாக வளரப்போகிறது என்று நினைக்கிறேன். சரிதானே?

சரி இல்லையே. அது உங்கள் மரமே கிடையாது.

பூச்செர்ரிகள் பெரும்பாலும் காட்டுச் செர்ரியின் தண்டில் ஒட்டுக்கட்டியவை. தொங்கு வகைகளில் ஒட்டு பெரும்பாலும் தண்டின் உச்சியில், ஆள் உயரத்தில் இருக்கும். அந்த முடிச்சுக்கு மேலே இருப்பதுதான் நீங்கள் விரும்பி வாங்கியது. கீழே இருப்பது வேர் கொடுத்தவன். அவனுக்கு எப்போதும் தானே மரமாக வேண்டும் என்று ஆசை. விட்டால் ஐந்தாறு வருடத்தில் மேலே இருப்பதை நிழலில் தள்ளிவிடுவான். ரோஸ் நிற மரத்தின் நடுவில் ஒரு பக்கம் மட்டும் வெள்ளைப் பூ பூத்தால், தோட்டத்துக்காரர் கவனிக்கவில்லை என்று அர்த்தம்.

கத்தரியை வையுங்கள் என்று தலைப்பு போட்டுவிட்டு இப்படிச் சொல்கிறேனே என்று நினைக்காதீர்கள், இதை மட்டும் எந்தப் பருவமானாலும் எடுத்துவிடலாம். முளை விரல் நீளம் இருக்கும்போதே கட்டைவிரலால் தேய்த்து விடுங்கள். உங்களுடையது ஜம்மென்று வளர்ந்துவிட்டதால் ஒரு வறண்ட நாளில் தண்டோடு ஒட்டி வெட்டுங்கள். வேரிலிருந்து வரும் கன்றை மண்ணை விலக்கி, கிளம்பும் இடத்திலேயே பிய்த்தெடுக்க வேண்டும். மேலோடு வெட்டினால் ஒன்று நான்காகும்.

அப்புறம், உங்கள் மரத்தின் உயரம் வாங்கிய அன்றைக்கே கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது. உச்சியில் ஒட்டிய தொங்கு செர்ரி இனி அகலமாகும், மேலே பெரிதாகப் போகாது.

எங்கள் பக்கம் குளிர்காலம் என்ற ஒன்றே இல்லை. தொட்டியில் வைத்து வேரில் ஐஸ் கட்டி போட்டால் பூக்குமா?

இந்தக் கேள்வியை அனுப்பியவருக்கு என் வணக்கம், முயற்சியைப் பாராட்டுகிறேன். ஆனால் பூக்காது. குளிர வேண்டியது வேர் அல்ல, மொட்டு. கோடையிலேயே அடுத்த வருடப் பூமொட்டு உருவாகிவிடுகிறது. பிறகு அது உறங்கப் போகிறது. மறுபடி விழிக்க, பல வாரங்கள் தொடர்ச்சியான குளிர் வேண்டும். சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே எத்தனை மணி நேரம் கழிந்தது என்று மரம் கணக்கு வைத்துக்கொள்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு நிறையாமல் வெயில் வந்தால் மொட்டு பாதியில் உதிரும், இல்லையென்றால் இலை மட்டும் அரைகுறையாக வரும். இமயமலைச் சரிவுகளின் காட்டுச் செர்ரி, பிரூனஸ் செரசாய்டெஸ், குறைந்த குளிரில் சமாளிக்கும், இலையுதிர்காலத்திலேயே பூக்கும். அதற்கும் மலைக் குளிர் வேண்டும். சமவெளி வெப்பத்தில் இருப்பவர்கள் இளஞ்சிவப்புத் தபேபுயா வைத்து மகிழுங்கள். தூரத்தில் பார்த்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

சின்னத் தோட்டம். சுவருக்கும் நடைபாதைக்கும் நடுவே பத்தடிதான். எந்தச் செர்ரி வைக்கலாம்?

கான்சானை மட்டும் வைக்காதீர்கள். சிறு வயதில் கவிழ்க்காத குடை போல ஒடுக்கமாக நின்று ஏமாற்றும். பிறகு கிளைகளை வீசி எட்டு மீட்டர் அகலம் கேட்கும். செர்ரி வேர் ஆழம் போகாது, மேலாகவே ஓடும். எங்கள் நடைபாதைக் கல்லில் இரண்டைத் தூக்கி நிறுத்திவிட்டது. தபால்காரர் ஒருமுறை தடுக்கியே விழுந்தார்.

உங்களுக்கு அமானோகவா பொருந்தும். கம்பம் போல நேரே போகும், பக்கவாட்டில் அடக்கம். பெயருக்கு அர்த்தம் "வான் நதி". நாம் ஆகாயகங்கை என்கிறோமே, அந்தப் பால்வீதி. தொட்டியில்தான் இடம் என்றால் கோஜோ நோ மாய். வளைந்து நெளிந்த குச்சிகளோடு புதர் போல மெதுவாக வளரும், பூக்காத நாளிலும் பார்க்கச் சலிக்காது.

கன்றை நட்டு, வாடக் கூடாது என்று தினமும் இரண்டு வேளை தண்ணீர் விட்டேன். இரண்டாம் வருடமே பட்டுவிட்டது. என்ன குறை வைத்தேன்?

குறை வைக்கவில்லை, கூட வைத்துவிட்டீர்கள். களிமண் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் குழி தோண்டினால் அது கிண்ணம்தான், வேர் மூச்சு முட்டிப் போயிருக்கும். அடுத்த தடவை முழங்கை ஆழம் குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். மறுநாளும் நின்றால் அங்கே நடாதீர்கள், மண்ணை மேடாகக் கூட்டி அதன்மேல் நடுங்கள். நாற்றுப் பண்ணையில் எந்த ஆழத்தில் இருந்ததோ அதே ஆழம்தான், ஒரு விரல்கூடக் கீழே வேண்டாம். மண்மேல் சருகு பரப்பி மூடாக்கு போடுங்கள், ஆனால் தண்டைத் தொடாமல். தண்ணீர் வாரத்துக்கு ஒரு நாள், ஆழமாக.

வாங்கும்போது வேரைப் பாருங்கள். டோக்கியோ நகரம் வாஷிங்டனுக்குப் பரிசாக அனுப்பிய முதல் 2,000 மரங்கள் 1910இல் போய்ச் சேர்ந்தபோது பூச்சியும் நூற்புழுவும் இருந்ததால் அத்தனையையும் கொளுத்தினார்கள். 1912இல் மறுபடி 3,020 மரங்களை அனுப்பினார்கள். இன்றைக்கு அங்கே கூட்டம் கூடுவது அந்த இரண்டாம் முயற்சியால்தான்.

செர்ரிப் பூ, பிளம் பூ, பீச் பூ மூன்றும் எனக்கு ஒன்று போலவே தெரிகின்றன.

இதழ் நுனியைப் பாருங்கள். நுனியில் சின்னப் பிளவு இருந்தால் செர்ரி, உருண்டையாக இருந்தால் பிளம், கூராக இருந்தால் பீச். செர்ரிக்கு நீளக் காம்பும் உண்டு. பூ இல்லாத நாளில் பட்டையில் குறுக்குக் கோடுகளைத் தேடுங்கள்.

இலை சுருண்டு உள்ளே கருப்புப் பூச்சி. எறும்பும் ஏறுகிறது. மருந்து அடிக்கட்டுமா?

அசுவினி. சுருண்ட இலைக்குள் மருந்து போகாது. பொறிவண்டு வரும், இரண்டு வாரம் பொறுங்கள். எறும்பு ஏறுவதெல்லாம் அசுவினிக்காக மட்டும் என்று நினைக்க வேண்டாம். இலைக்காம்பின் மேல்முனையில் சிவப்பாக இரண்டு புள்ளி தெரிகிறதா? அவை தேன் சுரப்பிகள். மரமே எறும்பை அழைத்து விருந்து வைக்கிறது.

ஒரு வாரம் பூக்கும் மரத்துக்கு வருடம் முழுக்க இடம் கொடுக்க வேண்டுமா என்று கேட்கிறார் என் கணவர்.

நியாயமான கேள்வி. ஒரு வாரமா என்று முதலில் பாருங்கள். மொட்டின் செதில் பிளந்து நிறம் எட்டிப் பார்ப்பதிலிருந்து கடைசி இதழ் விழுவது வரை எங்கள் வீட்டில் மூன்று வாரம். என் நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. கியோட்டோவில் செர்ரி பூத்த நாளை 9ஆம் நூற்றாண்டிலிருந்தே நாட்குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். 2021இல் மார்ச் 26ஆம் தேதியே பூத்து உச்சம் தொட்டதும், அவ்வளவு சீக்கிரம் முன்பு எப்போதும் பூத்ததில்லை என்று சொல்ல முடிந்தது அந்த எழுத்தால்தான்.

எனக்குப் பிடித்த நாள் நிறையப் பூத்த நாள் அல்ல, அதற்கு ஆறேழு நாள் கழித்துக் காற்றடிக்கும் நாள். இதழ்கள் பறப்பதை ஜப்பானியர்கள் பூப்பனிப்புயல் என்கிறார்கள். தண்ணீரில் விழுந்து மொத்தமாக மிதந்தால் பூத்தெப்பம். எங்கள் வீட்டில் நதி இல்லை, ஒரு பிளாஸ்டிக் வாளிதான். அதிலும் மிதந்தது.

கணவர் அப்படியும் சமாதானம் ஆகவில்லையென்றால் சார்ஜென்ட் செர்ரியைச் சொல்லுங்கள், இலையுதிர்காலத்தில் இலைகள் தீ பிடித்தது போலச் சிவக்கும். திபெத்தியச் செர்ரியின் பட்டை தேய்த்து வைத்த செம்புப் பாத்திரம் போல மின்னும். உகோன் என்று வெளிர்மஞ்சள் பூ பூக்கும் ஒன்றும் உண்டு. அந்தப் பெயர் வேறொன்றும் இல்லை, நம் மஞ்சள் கிழங்குக்கு ஜப்பானியச் சொல்.

வெட்டிய மரத்தின் இடத்திலேயே இன்னொரு செர்ரி வைப்பீர்களா?

மாட்டேன். ஒரு செர்ரி பல வருடம் நின்ற மண்ணில் அடுத்த செர்ரி சரியாக வேர் பிடிக்காது. அந்த இடத்தில் வேறு குடும்பத்துச் செடி வரும். புதுச் செர்ரியை வீட்டின் மறுபக்கம், நடைபாதையிலிருந்து இருபதடி தள்ளி நட்டுவிட்டேன். தாய்ஹாக்கு என்ற பெரிய வெள்ளைப் பூ வகை.

அதற்கு ஒரு கதை இருக்கிறது. ஜப்பானில் இது அழிந்தே போய்விட்டது என்று நினைத்தார்கள். கோலிங்வுட் இங்கிராம் என்ற ஆங்கிலேயர் 1923இல் இங்கிலாந்தின் சசெக்ஸில் ஒரு தோட்டத்தில் சாகக் கிடந்த மரம் ஒன்றைப் பார்த்து, குச்சி வெட்டி வந்து ஒட்டுக்கட்டினார். 1926இல் அவர் ஜப்பான் போனபோது ஒரு செர்ரி நிபுணர் பழைய ஓவியம் ஒன்றைக் காட்டி, "இந்தப் பூ இப்போது எங்கும் இல்லை" என்று வருந்தினாராம். இவரோ, அது என் வீட்டில் இருக்கிறதே என்றார். குச்சிகளைத் திருப்பி அனுப்பும் முயற்சி சிலமுறை வீணாகி, கடைசியில் உருளைக்கிழங்கில் செருகி ரயிலில் அனுப்பி 1932இல் கைகூடியது. இன்று உலகில் உள்ள தாய்ஹாக்கு எல்லாம் அந்த ஒரு மரத்தின் வாரிசுகள்.

என்னுடையது இன்னும் என் தோள் உயரம்தான். இந்த இளவேனிலில் மூன்று பூ பூத்தது. வீட்டுக்காரர் ஏணியைத் துடைத்துக் கொட்டகையில் வைத்துப் பூட்டிவிட்டார். சாவி என்னிடம்.