ஷோகேஸில் நிற்கும் பரோலோ: கேள்வி-பதில்

இத்தாலியின் நெபியோலோ திராட்சை, அதில் செய்யும் பரோலோ ஒயின் பற்றிய கடிதங்கள் ஒரு கட்டு சேர்ந்துவிட்டன. அதில் ஏழெட்டு, "என்னிடம் ஒரு பரோலோ இருக்கிறது, இப்போது குடிக்கலாமா?" என்று மொட்டையாகக் கேட்பவை. அறுவடை ஆண்டு இல்லை, தயாரித்தவர் பெயர் இல்லை. "எங்கள் வீட்டில் ஒரு மாமா இருக்கிறார், உடம்பு எப்படி?" என்று டாக்டருக்கு எழுதுவீர்களா? லேபிளைப் படித்து, அந்த இரண்டையும் போட்டு மறுபடி எழுதுங்கள். மற்றவர்களுக்கு இதோ.

கிளாஸில் ஊற்றினால் மறுபக்கம் விரல் தெரிகிறது. இவ்வளவு விலை கொடுத்தும் தண்ணீர் கலந்து விற்கிறார்களா? (சிங்கப்பூர்)

இல்லை. நெபியோலோவின் நிறமே அவ்வளவுதான். தோலில் சாயம் குறைவு, இருப்பதும் நிலைத்து நிற்காத ரகம். சில வருடத்திலேயே விளிம்பில் செங்கல் நிறம் தட்டிவிடும். பரோலோவில் நெபியோலோ தவிர வேறு திராட்சை ஒரு சொட்டுகூடச் சேரக் கூடாது என்பது சட்டம். மை மாதிரிக் கறுத்த பரோலோ கிடைத்தால் எழுதுங்கள், அப்போது சந்தேகப்படுவோம்.

ஒரு வாய் குடித்ததும் ஈறெல்லாம் கட்டிப்போகிறது. கெட்டுப்போனதா?

பாக்குப் போட்டுப் பழகிய வீட்டில் பிறந்தவர் இதைக் கேட்கலாமா! அது துவர்ப்பு. இந்தத் திராட்சைக்கு அது பிறவிக் குணம். நீங்கள் வெறும் வயிற்றில் வெறும் ஒயினாகக் குடித்திருக்கிறீர்கள். துவர்ப்புச் சத்து எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்வதால்தான் வாய் வறள்கிறது. தட்டில் கறியோ பாலாடைக்கட்டியோ இருந்தால் அது முதலில் அங்கே போய் ஒட்டும். பரோலோ விளையும் லாங்கே மலைக்காரர்கள் ஒரு கிலோ மாவுக்கு 30, 40 மஞ்சள் கரு போட்டுப் பிசைந்த தஜரின் என்ற மெல்லிய நூடுல்ஸையும், பரோலோவிலேயே மணிக்கணக்காக வெந்த மாட்டுக்கறியையும் சும்மாவா இதோடு சாப்பிடுகிறார்கள்?

மட்டன் பிரியாணியோடு?

மிளகாய்க் காரமும் துவர்ப்பும் சேர்ந்தால் வாய் எரியும். வேண்டாம்.

பரோலோவுக்கும் பார்பரெஸ்கோவுக்கும் என்ன வித்தியாசம்? ஒன்று ராஜா, மற்றது ராணி என்கிறார்களே?

ராஜா ராணி கதையை விற்பனைக்காரர்களிடம் விட்டுவிடுங்கள். ஒரே திராட்சை, நடுவே ஆல்பா நகரம், இருபுறமும் குன்றுகள். பார்பரெஸ்கோ பக்கம் கொஞ்சம் தாழ்வு, தானரோ ஆற்றுக்கு நெருக்கம், காய் சில நாள் முன்னதாகப் பழுக்கும். அதனால் பரோலோவைக் குறைந்தது 38 மாதம் முதிரவைக்க வேண்டும், பார்பரெஸ்கோவுக்கு 26 போதும். பரப்பில் பார்பரெஸ்கோ மூன்றில் ஒரு பங்கு இருக்கும். ஆனால் பரோலோவின் 11 ஊர்களுக்குள்ளேயே இதைவிடப் பெரிய வித்தியாசம் உண்டு. லா மோராவின் ஒயின் சீக்கிரம் மணம் விட்டுப் பேசும். சேரலுங்காவின் ஒயின் பத்து வருடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும். அடிமண் வேறு, அவ்வளவுதான். லேபிளில் ஊரைப் பாருங்கள் என்று நான் ஓயாமல் சொல்வது இதற்காகத்தான்.

லேபிளில் 'லாங்கே நெபியோலோ' என்று போட்டிருக்கிறது. பரோலோவின் டூப்ளிகேட்டா?

டூப்ளிகேட் இல்லை, புத்திசாலியின் பரோலோ. பெரும்பாலும் இளங்கொடிகளின் பழம், காத்திருக்க வேண்டாம், விலை பாதிக்கும் கீழே. இதற்குள்ளும் ஏற்ற இறக்கம் உண்டு. பார்பரெஸ்கோவின் பெயர்பெற்ற தயாரிப்பாளர் ஆஞ்சலோ காயா தன்னுடைய மிக விலை உயர்ந்த தோட்டத்து ஒயின்களையே 1996 முதல் 2012 அறுவடை வரை இந்தப் பெயரில்தான் விற்றார். பெயரைப் பார்த்து இளக்காரமாக நினைத்தவர்கள் பில்லைப் பார்த்ததும் மாற்றிக்கொண்டார்கள்.

2013 பரோலோ. மருமகன் மிலான் விமான நிலையத்தில் வாங்கி வந்தது. ஏழெட்டு வருடமாக ஹால் ஷோகேஸில் பத்திரமாக இருக்கிறது. பேத்தி கல்யாணத்துக்குத் திறக்கலாம் என்று எண்ணம். இன்னும் எத்தனை வருடம் வைக்கலாம்? (சென்னை)

ஆண்டு போட்டு எழுதியதற்கு முதலில் நன்றி. 2013 நல்ல ஆண்டு, அதுவும் நிதானமாக முதிரக்கூடியது. 'பத்திரமாக' என்ற சொல்லில்தான் எனக்கு வயிறு கலங்குகிறது.

பரோலோ வைக்க வைக்க நன்றாகும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். பாதிதான் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஊரில் அது கிடப்பது மலைக்கு அடியில், வருடம் முழுக்க 12, 14 டிகிரியில், இருட்டில். உங்கள் ஹாலில் மே மாதம் 35 டிகிரி. பக்கத்தில் டியூப் லைட். மேலே ஃபேன் ஓடுவதால் உங்களுக்கு வியர்வை காய்கிறது, பாட்டிலுக்கு ஏது வியர்வை? அந்தச் சூட்டில் ஒயின் முதிர்வதில்லை, வேகிறது. ராத்திரி மட்டும் ஏசி போடும் படுக்கையறை இன்னும் மோசம். தினமும் சூடேறி, குளிர்ந்து, உள்ளே இருப்பது விரிந்து சுருங்கித் தக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளும். போதாக்குறைக்கு நிறுத்தி வைக்கிறீர்கள். ஒயின் படாத தக்கை வருடக்கணக்கில் காய்ந்து சுருங்கிவிடும்.

நம் வீடுகளில் விலை உயர்ந்த பொருள் என்றால் நாலு பேர் பார்வையில் இருக்க வேண்டும். கொலு பொம்மை, பையனின் கேடயம், தாஜ்மஹால், அதற்குப் பக்கத்தில் பரோலோ. வடுமாங்காய் ஜாடியை மட்டும் வெயில் படாத மூலையில் துணி கட்டி வைக்கத் தெரிகிறது! அந்த மரியாதையில் பாதியை இதற்குக் கொடுங்கள் என்று பத்து வருடமாகக் கத்துகிறேன். படத்தோடு கடிதம் வருகிறது, "எங்கள் கலெக்‌ஷன் எப்படி?" என்று. கண்ணாடிக்குப் பின்னால் ஆறு பாட்டில், பின்னாலிருந்து மஞ்சள் விளக்கு வேறு.

போன வருடம் ஒரு நண்பர் வீட்டில் இதே மாதிரி ஒன்றைத் திறந்தார்கள். மேலே உள்ள உறையைத் திருகினேன், அசையவில்லை. கத்தியால் கீறினால் அடியில் பிசுபிசுப்பு, கசிந்து காய்ந்திருக்கிறது. தக்கை வாய்க்கு மேலே ஒரு நெல்மணி அளவுக்கு எழும்பி நின்றது. ஊற்றினால் ஆறிப்போன கட்டஞ்சாயா நிறம். ரோஜாவும் தாரும் மணக்க வேண்டிய இடத்தில், உலர்திராட்சையை அடிப்பிடிக்கக் கொதிக்கவிட்ட வாடை. சுற்றி நின்றவர்கள் எல்லாரும் "சூப்பர்" என்றார்கள். வீட்டுக்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் "சூப்பர்" என்றேன். அந்தப் பொய்யின் கோபம்தான் இப்போது உங்கள் மேல் இறங்குகிறது, மன்னியுங்கள்.

உங்கள் பாட்டிலுக்கு வருவோம். தக்கை எழும்பியிருக்கிறதா, கழுத்தில் ஒயின் மட்டம் இறங்கியிருக்கிறதா, கசிவு உண்டா என்று பாருங்கள். எதுவும் இல்லையென்றால் இந்த ஞாயிற்றுக்கிழமையே திறந்துவிடுங்கள். பேத்திக்கு வேறு ஏதாவது செய்யலாம். இனி யாராவது வாங்கி வந்தால், ஒயினுக்கென்று தனி ஃபிரிட்ஜ் இருந்தால் வைத்திருங்கள். இல்லாவிட்டால் சமையலறை ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் படுக்கவைத்துச் சில மாதத்துக்குள் குடியுங்கள். மூன்றாவது வழி கிடையாது.

நல்ல ஆண்டுகளைச் சொல்லுங்கள்.

2010, 2016 இரண்டையும் வைத்திருக்கலாம். எங்கே வைப்பது என்பதை மேலே பார்க்கவும். 2014 மழை ஆண்டு, 2017 வெயில் ஆண்டு. இரண்டும் சீக்கிரம் குடிக்க. ஆனால் சுமாரான ஆண்டில் நல்லவர் செய்தது, நல்ல ஆண்டில் சுமாரானவர் செய்ததைவிட எப்போதும் மேல்.

'பரோலோ சண்டை' என்று ஒன்று நடந்ததாமே? (டொராண்டோ)

நடந்தது. 1980-களில் இளைஞர் கூட்டம் ஒன்று, பெரிய பழைய பீப்பாய்களை விட்டுவிட்டு, 225 லிட்டர் புது பிரெஞ்சு ஓக் பீப்பாய்க்கு மாறியது. சாறில் தோலை ஊறவைக்கும் நாளையும் வெகுவாகக் குறைத்தார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவரான எலியோ அல்தாரே 1983-இல் அப்பாவின் பீப்பாய்களை மின்ரம்பத்தால் அறுத்தே போட்டார். அப்பா அவருக்குச் சொத்து எழுதவில்லை. மறுபக்கம் பழைய முறைக்காரர் பார்த்தோலோ மஸ்கரெல்லோ, சின்னப் பீப்பாயும் வேண்டாம், அரசியல்வாதி பெர்லுஸ்கோனியும் வேண்டாம் என்று லேபிளிலேயே கையால் எழுதி ஒட்டினார். இப்போது சண்டை ஓய்ந்துவிட்டது. இளைஞர் பக்கமிருந்து பலர் பெரிய பீப்பாய்க்கே திரும்பினார்கள், பழைய பக்கமும் சுத்தபத்தமாக வேலை செய்யக் கற்றுக்கொண்டது. நான் பெரிய பீப்பாய்க் கட்சி. நெபியோலோ மணக்கும் இடத்தில் புது ஓக்கின் வெனிலா வாசம் எதற்கு?

பழைய பாட்டிலில் அடியில் மண்டி கிடக்கிறது. எவ்வளவு நேரம் முன்னால் டிகேன்டரில் (கண்ணாடிக் கூஜாவில்) ஊற்ற வேண்டும்?

'பழைய' என்றால்? 10 வருடமா, 40 வருடமா? ஆண்டு போடுங்கள், ஆண்டு போடுங்கள். பொதுவாக, முதல் நாளே நிறுத்தி வையுங்கள். இதற்கு மட்டும்தான் நிறுத்தலாம். செல்போன் டார்ச்சைக் கழுத்துக்கு அடியில் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊற்றி, மண்டி கழுத்தை எட்டியதும் விட்டுவிடுங்கள். இளசு என்றால் இரண்டு மூன்று மணி நேரம் காற்றாடட்டும். 30 தாண்டியது என்றால் ஊற்றியதும் குடியுங்கள், மணம் காத்திருக்காது.

நான் வாங்கிய பரோலோ இனித்துக் கசக்கிறது, மருந்து வாடை அடிக்கிறது. கடையில் பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 'பரோலோ கினாத்தோ' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. சின்கோனாப் பட்டை, மூலிகை, சர்க்கரை எல்லாம் போட்ட பரோலோ. சேரலுங்காவில் ஜுசெப்பே கப்பெல்லானோ என்ற மருந்துக்கடைக்காரர் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரபலமாக்கியது. மருந்து வாடை அடிக்காவிட்டால்தான் பணத்தைக் கேட்க வேண்டும். சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு சின்ன கிளாஸ், கறுப்புச் சாக்லேட்டோடு.

சுவிட்சர்லாந்தில் இருக்கிறோம். பரோலோ விலை கட்டுப்படியாகவில்லை. நெபியோலோ வேறு எங்கே விளைகிறது? (ஷூர்)

உங்கள் ஊர் ஸ்டேஷனிலிருந்து ரயில் ஏறினால் போதும்! பெர்னினா கணவாயைத் தாண்டித் திரானோவில் இறங்குங்கள். அது வால்தெல்லினா. அங்கே நெபியோலோவுக்குக் கியவென்னாஸ்கா என்று பெயர். செங்குத்தான மலையில் கல் அடுக்கிக் கட்டிய படித்தோட்டங்கள், எல்லாம் கைவேலை. 1512 முதல் 1797 வரை அந்தப் பள்ளத்தாக்கையே ஆண்டது உங்கள் கிராபுண்டன் மாநிலம்தான், அந்த ஒயினை நீங்கள் இருக்கும் ஊர்க்காரர்கள் நூற்றாண்டுக் கணக்காகக் குடித்துவருகிறார்கள். லேபிளில் சசெல்லா, குருமெல்லோ, இன்ஃபெர்னோ என்ற பெயர்களைப் பாருங்கள். பரோலோவைவிட மெலிவு, கொஞ்சம் கல்மணம், விலை பாதிக்குப் பக்கம். 'ஸ்ஃபுர்சாத்' என்று போட்டிருந்தால் பழத்தைச் சில மாதம் உலர்த்திப் பிழிந்தது. போதை தூக்கல், குளிர்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது அந்த ரயிலுக்குக் கூரை வரை கண்ணாடி ஜன்னல், வெயில் நேரே மடியில் விழும். பாட்டிலை சீட்டுக்கு அடியில் தள்ளிவிடுங்கள்.